உப்புத் தீவு தேறுமா

டயாலிசிஸ் வார்டுன்னு சொன்ன உடனேயே பாருங்க, உங்க மூஞ்சியெல்லாம் ஒரு சைஸ் சின்னதாயிருச்சு. கடைசி வரிசையில ஒருத்தர் கர்ச்சீப்பைத் தேடுறாரு. உள்ள வைங்கய்யா, இப்போதைக்கு ஒண்ணுமில்ல. முன்வரிசையில இருக்குற பசங்க வேற நெனப்புல வந்திருக்கீங்க, அதுவும் தெரியுது. அந்த வாள், மந்திரம், ராட்சசன் கேமுக்குப் புதுசா ஒரு பாகம் விட்டிருக்கானே, அது தேறுமா தேறாதா, அதை மட்டும் சொல்லிட்டு எறங்குய்யான்னு பாக்குறீங்க. சொல்லிருவேன். கோதண்டத்துக்கும் அது ஒண்ணுதான் தெரிஞ்சாகணும். மூணு வாரமா ஆறாம் நம்பர் பெட்டுல படுத்துக்கிட்டு அதையேதான் கேட்டுக்கிட்டிருக்காரு, வாயை விட்டு இல்ல, உள்ளுக்குள்ள. அந்த வார்டுல 'தேறுமா'ன்னு வாயை விட்டுக் கேட்டுற முடியாது. கேட்டா ஒம்போது பெட்டுக்காரனும் தன்னையத்தான் சொல்றாங்கன்னு திரும்பிப் பாப்பான்.

மதியம் பன்னெண்டு அஞ்சுக்கு ஹபீப் ரெண்டாவது ஊசியை ஏத்துனான். டெக்னீஷியன் ஹபீபுக்கு நல்ல கை, கொசு மாதிரி, கடிச்சது தெரியும், வலிச்சது தெரியாது. "எடை எவ்வளவு ஏறிருக்கு சார்?" "மூணு கிலோ இருநூறு." "தண்ணியக் கொறைங்கன்னு சொன்னேன்ல." "கொறைச்சுட்டேன்டா, இப்பல்லாம் கனவுலதான் குடிக்கிறேன், அதுக்கும் எடை போடுறியே." ஹபீப் சிரிச்சுக்கிட்டே மெஷின் பொத்தானை அமுக்குனான், திரையில நாலு மணிநேரம்னு வந்துச்சு, சக்கரம் சுத்த ஆரம்பிச்சுது, இடது கையில இருந்த ரத்தம் குழாய் வழியா மெல்ல நடந்து மெஷினுக்குள்ள போயி, கழுவிக்கிட்டு, திரும்பி வந்துச்சு. அந்தக் குழாய் முழங்கையில படுற எடம் மட்டும் வெதுவெதுன்னு இருக்கும், மத்த ஒடம்பெல்லாம் ஏசியில விறைக்கும். தன் ரத்தம் தன்னையே தொட்டுப் பாத்துட்டுப் போற மாதிரின்னு கோதண்டம் நெனச்சாரு, இதைப் பக்கத்துப் பெட்டு எட்வின்கிட்ட சொல்லணும், சொன்னா அவன் 'இல்லண்ணே, சூப்பர்ண்ணே'ம்பான், ஒத்துக்குறதுன்னாலும் இல்லண்ணேன்னுதான் ஆரம்பிப்பான், மூக்கை ஒரு தடவை உறிஞ்சிட்டு, ண்ணேயை மூக்கு வழியா இழுத்து விடுவான். சொல்ல முடியாது. ஏழாம் நம்பர் பெட்டுல இன்னைக்கு வேற யாரோ பெரியவர். கோதண்டம் வலது கையால கேம் மெஷினை எடுத்து வயித்து மேல நிறுத்துனாரு. மஸ்கட்ல இருக்குற மக அனுப்புனது, ரெண்டு பக்கமும் கைப்பிடி கழட்டி மாட்டுற மாதிரி. திரை வெளிச்சமாச்சு. கோட்வின் அங்கேயேதான் நிக்கிறான். படகுத்துறையில, முதுகைக் காட்டிக்கிட்டு, போர்வை காத்துல ஆட, மூணு வாரமா.

கோட்வின் யாருன்னா, கேமுல வர்ற வீரன், கோதண்டத்துல பாதி, எட்வின்ல பாதி. கோதண்டத்துக்கு இடது கையில ஊசி, வலது கை சும்மா இருக்கும். எட்வின் இடக்கைக்காரன், அவனுக்கு ஊசி ஏத்துறது வலது கையில, இடது சும்மா இருக்கும். ஆறாம் பெட்டுக்கும் ஏழாம் பெட்டுக்கும் நடுவுல ரெண்டு சும்மா கை. முதல் நாளு எட்வின்தான் எட்டிப் பாத்துட்டுக் கேட்டான், "இல்லண்ணே, இடது பக்கக் கைப்பிடியை இங்கிட்டுக் குடுங்கண்ணே." அன்னைலருந்து எட்வின் நடப்பான், கோதண்டம் வெட்டுவாரு. ஒரு வீரன், ரெண்டு நோயாளி. ஐம்பத்தோரு வயசு ஆளு, கோயில் திருவிழாக் கச்சேரியில பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல ரயிலு, குழந்தை, குக்கர், மாமியார்னு குரல் மாத்திப் பொழைச்ச ஆளு, இருபத்தேழு வயசுப் பையன் நடந்த பக்கமெல்லாம் வெட்டிக்கிட்டே போனாரு. எட்டு மாசம். கேமுல பேசுறதெல்லாம் இங்கிலீஷு, அதை இவரு அப்பப்ப தமிழ்ல பேசிக் குடுப்பாரு, ராஜாவுக்கு ரவுண்ட்ஸ் வர்ற பெரிய டாக்டர் குரலு, மந்திரக்காரிக்கு 'வாழைப்பழம் சாப்ட்டீங்களா, உண்மையைச் சொல்லுங்க'ன்னு மெரட்டுற டயட் மேடம் குரலு. வார்டே காதைக் குடுத்துக் கெடக்கும். ஒரு தடவை மெஷின் அலாரத்தை வாயால அடிச்சு ஃபிலோ சிஸ்டரை ஓட வெச்சாரு, சிஸ்டர் ரெண்டு நாளு பேசல. எல்லாம் டைமிங்தான். கொஞ்சம் முந்துனாலும் சப்புன்னு போயிரும், கொஞ்சம் பிந்துனாலும் செத்துரும். செத்துரும்னு நெனச்ச உடனே மனசு கால் தடுக்குன மாதிரி நின்னுச்சு. வேற நெனப்போம். புதுப் பாகத்தை நெனப்போம்.

புதுப் பாகத்துக்கு இங்கிலீஷ்ல வாயில நுழையாத ஒரு பேரு, ரெண்டு பேரும் சேந்து வெச்ச பேரு உப்புத் தீவு. சுத்தியும் கடல், நடுவுல உப்பு மலை, உப்புல செஞ்ச கோட்டை. அதைப் படிச்சுச் சொன்ன அன்னைக்கு ரெண்டு பேரும் அவ்வளவு சிரிச்சாங்க. உலகத்துல ஆயிரம் எடம் இருக்க, உப்பும் தண்ணியுமா, டாக்டர் நமக்கு வேணாம்னு எழுதிக் குடுத்த ரெண்டையும் பாத்துப் போட்டிருக்கான் பாருங்கண்ணே. ஈட்டி புதுசாம், எறிஞ்சா திரும்பக் கைக்கு வருமாம். திமிங்கலம் ஒண்ணு இருக்காம். முதல் பாதி ஜவ்வாம், ரெண்டாம் பாதி பத்திக்குமாம். மொத்தம் நாப்பது மணிநேரம். நாப்பது மணின்னா எத்தனை தடவை வரணும். முதல் அரைமணி ஊசி வலி அடங்கப் போயிரும், கடைசி அரைமணி பிரஷர் எறங்கி மப்பாப் போயிரும், மிச்சம் மூணு மணி. அப்ப பதினாலு தடவை. வாரத்துக்கு மூணு. ஒரு மாசத்துக்கு மேல. நல்லா இருக்கவனுக்கு ஒரு மாசங்கிறது கேலண்டர்ல ஒரு தாளு. இங்க அந்த ஒரு மாசம் நம்ம கையில இருக்குன்னு நம்பிட்டுத்தான் பொத்தானையே அமுக்கணும். பொத்தான்னு சொன்னேன்ல, அதுதான் எடக்கு. படகுக்காரன் ஒருத்தன் நிக்கிறான், கண்ணு தெரியாத கெழவன், அவன்கிட்டப் போனா ஒண்ணு கேக்குறான். ஏறினா இந்தக் கரைக்குத் திரும்ப முடியாது, விட்ட வேலை விட்டதுதான், ஏறுறியா இல்லையா. கீழ ரெண்டு கட்டம், ஆமா, இல்ல. கோதண்டம் அந்தக் கெழவனுக்கு இன்னும் குரல் போடல. எட்வின் வரட்டும்னு வெச்சிருக்காரு. எட்வின் கடைசியா சொன்னது, "இல்லண்ணே, அடுத்த வாட்டி சேந்தே ஏறுவோம்ண்ணே, அவசரப்படாதீங்க." அதுதானா கடைசி. அதுக்கப்புறம் ஒண்ணு பேசுனான்ல. இல்ல, அதுதான் கடைசி. அதோட நிப்பாட்டிக்குவோம்.

அடுத்த வாட்டி ஏழாம் பெட்டு காலியா இருந்துச்சு. கோதண்டம் கேட்டாரு, "எங்கடா நம்மாளு?" ஹபீப் பாட்டிலைக் குலுக்கிக்கிட்டே, கண்ணைப் பாக்காம, "எட்வின் ஷிஃப்ட் மாத்திக்கிட்டாரு சார்"னான். அவ்வளவுதான். ஒம்போதாம் பெட்டு சோலையப்பன் போர்வையை இழுத்து மூஞ்சியை மூடிக்கிட்டாரு. ஏன்னா அந்த வார்டுல அந்த வார்த்தைக்கு ஒரே ஒரு அர்த்தம். மூணாம் பெட்டு வேதமுத்து வாத்தியாரு ஒரு செவ்வாக்கிழமை வரல, கேட்டதுக்கு ஷிஃப்ட் மாத்திக்கிட்டாருன்னாங்க, வியாழக்கிழமை பேப்பர்ல கண்ணீர் அஞ்சலியில சிரிச்சுக்கிட்டிருந்தாரு. அப்புறம் அந்தப் பேங்க் அம்மா. அப்புறம் அந்தப் பஸ் கண்டக்டர். எல்லாரும் ஷிஃப்ட் மாத்திக்கிட்டாங்க. ஊசி குத்தி ரத்தம் சுத்திக்கிட்டிருக்கிற நாலு மணிநேரத்துல செத்துட்டாருன்னு எப்படிச் சொல்றது, ஒம்போது பேருக்கும் ஒண்ணா பிரஷர் எறங்கிரும்ல, அதுக்காக யாரோ ஆரம்பிச்ச வார்த்தை. அதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க, அது மரியாதை. கோதண்டமும் கேக்கல. வீட்டுக்குப் போயி போன் பண்ணாரு, ஒரே ஒரு தடவை மணி அடிச்சுக் கட்டாச்சு. மறுபடி பண்ணல. பண்ணி அவங்கம்மா எடுத்துட்டா. 'சொல்லுங்க, எட்வின் அம்மாதான் பேசுறேன்'னு ஒரு குரல் வந்துட்டா, அந்தக் குரலும் மனசுல பதிஞ்சுரும், இவரு மனசுல எந்தக் குரலும் ஒரு தடவை விழுந்தா அழியாது, பொழைப்பு அப்படி. வாட்ஸப்புல 'தம்பி படகு நிக்குது'ன்னு அனுப்புனாரு. ஒத்த டிக்கு. இன்னைக்கு வரைக்கும் ஒத்த டிக்குதான், படமும் போயிருச்சு, சாம்பல் கலர்ல ஒரு தலை. வீட்டுல போனை அணைச்சு பீரோவுல வெச்சிருப்பாங்க. அப்படித்தான் வெப்பாங்க. சார்ஜ் எறங்கி, கறுத்து, துணிக்கு அடியில.

"தள்ளிப் படுங்களேன், சேலை மாட்டுது"ன்னு பக்கத்துல ஒரு குரல். ஏழாம் பெட்டுப் பெரியவரோட சம்சாரம், புருசனை அதட்டிக்கிட்டிருந்தாங்க. டயாலிசிஸ் வார்டுல அரக்குப் பட்டுச்சேலை, தலை நெறைய மல்லி. பூங்கோதைன்னு பேரு, வந்த உடனே அவங்களே எல்லாருக்கும் சொல்லிட்டாங்க. காலையில நாத்தனா மக முகூர்த்தமாம், அதனால இன்னைக்கு ஒருநாள் மட்டும் மதியத்துக்கு மாத்திக் கேட்டு வந்திருக்காங்களாம், எப்பவும் காலை ஷிஃப்டுதானாம். அந்தப் பூ வாசமும் ஸ்பிரிட்டு வாசமும் கலந்து கோதண்டத்துக்கு என்னமோ பண்ணுச்சு, கல்யாணமா சாவா ரெண்டுக்கும் நடுவுல இருக்குற வாசம். காலை ஷிஃப்டுன்னாங்கள்ல. அப்ப காலை ஷிஃப்டுன்னு ஒண்ணு நெசமாவே இருக்கு. இருக்காம என்ன, ஆறு மணிக்கு ஆரம்பிப்பாங்க, இவருக்கும் தெரியும். ஆனா தெரியுறது வேற, அங்கருந்து ஒரு ஆளு பட்டுச்சேலை கட்டி வந்து பக்கத்துல நிக்கிறது வேற. செத்துப் போனவங்க எல்லாரும் போன ஊருல இருந்து ஒரு அம்மா கல்யாணத்துக்கு வந்துட்டுப் போற மாதிரி. கேட்டுறலாம். ஒரு வார்த்தை. அங்க எட்வின்னு ஒரு பையன் வர்றானாம்மா. இல்லன்னுட்டா? இப்ப கேக்காம இருக்குற வரைக்கும் எட்வின் பாதி இருக்கான், ஒத்த டிக்கு மாதிரி. கேட்டு, அந்தம்மா உதட்டைப் பிதுக்கிட்டா, அதோட முடிஞ்சுது. அப்புறம் படகுல ஏறுறதா வேணாமாங்குறதும் முடிஞ்சுது, ஏன்னா நடக்குறதுக்கு ஆளு இல்லாம வெட்டுறவன் மட்டும் எப்படிப் போறது. வலது கையில ஒரு கைப்பிடி. கோட்வின் நின்ன எடத்துல இருந்தே வாளை வீசுவான், காத்தை வெட்டுவான். போன வாட்டி அதைத்தான் பண்ணிக்கிட்டிருந்தான். பாவம், கடலைப் பாத்துக்கிட்டு வெட்டிக்கிட்டே இருந்தான்.

ரெண்டரை மணிக்கு மேல கெண்டைக்கால் பிடிச்சுது. ஒடம்புல இருந்து தண்ணியை இழுக்க இழுக்க கால் சதை கல்லு மாதிரி முறுக்கிக்கும், இது எல்லாருக்கும் உள்ளது, ஆனா வர்றப்ப தனக்கு மட்டும்தான் உள்ள மாதிரி வரும். ஹபீப் ஓடி வந்து பாதத்தைப் பிடிச்சு மேல அமுக்குனான், "விடுங்க சார், இறுக்காதீங்க, விடுங்க." கண்ணுல பூச்சி பறந்துச்சு. அந்த வலிக்குள்ள, பிடிச்சு வெச்சிருந்த கதவு தானா தெறந்துக்கிச்சு. அன்னைக்கு நடந்தது. அடுத்த வாட்டி ஏறுவோம்னு சொன்னது கடைசி இல்ல. அதுக்கப்புறம் சோலையப்பன் கேட்டாரு, "கோதண்டண்ணே, வாத்தியாரைப் போடுங்களேன், கேட்டு நாளாச்சு." போட்டாரு. 'அம்மாடி ஃபிலோமினா, ஒரே ஒரு ஐஸ் கட்டி, நக்கிட்டுத் திருப்பிக் குடுத்துர்றேன்.' அச்சு அசலு வேதமுத்து வாத்தியாரு, அந்தப் பல்லு இடுக்குக் காத்தோட. வார்டு சிரிச்சுது, சிஸ்டர் சிரிச்சு, முகத்தைத் திருப்பிக்கிட்டுக் கண்ணைத் தொடச்சுது. அடுத்து பேங்க் அம்மா. அடுத்து கண்டக்டர். ஒருத்தர் பின்னால ஒருத்தரா வந்து நின்னுட்டுப் போனாங்க. இது சேவைன்னுதான் கோதண்டம் நெனச்சிருந்தாரு. போட்டோ வெக்கிறான், மாலை போடுறான், குரலை யாரு வெக்கிறா, நான் வெக்கிறேன்னு. எட்வின் சிரிக்கல. கோட்வின் நடக்காம நின்னுட்டான். எட்வின் மூக்கை உறிஞ்சிட்டு, ரொம்ப மெதுவா, "இல்லண்ணே, என்னையும் இப்படிப் பண்ணுவீங்களா"ன்னான். அந்த எடத்துல ஒரு நொடி இருந்துச்சு. நல்லா ஞாபகம் இருக்கு அந்த நொடி. 'ச்சீ, வாயைக் கழுவுடா'ன்னு சொல்லிருக்கலாம். கையை நீட்டி அவன் கையைத் தொட்டிருக்கலாம், ஒரு முழம்தான் தூரம். முப்பது வருச மேடை, அந்த நொடியைப் பாத்துட்டா விடுமா. மூக்கை உறிஞ்சிட்டு, அதே மெதுவுல, அதே ண்ணேயோட, 'இல்லண்ணே, என்னையும் இப்படிப் பண்ணுவீங்களா'ன்னாரு. வார்டே விழுந்து விழுந்து சிரிச்சுது. அவனும் சிரிச்சான். சிரிச்சான்ல? பல்லு தெரிஞ்சுது. பல்லு தெரிஞ்சா சிரிப்புதான். அப்புறம் கைப்பிடியைப் போர்வை மேல வெச்சுட்டு, தலை வலிக்குதுன்னு சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டான். தலைவலி இங்க சகஜம். எல்லாருக்கும் வரும்.

கால் விட்டுச்சு. வேர்வை காய்ஞ்சு குளுரடிச்சுது. மெஷின்ல இன்னும் ஒண்ணே கால் மணிநேரம். நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கிச்சு, திரையில கடல் அலையா அடிச்சுக்கிட்டிருக்கு, அவ்வளவு தண்ணி, ஒரு சொட்டுக்கு உதவாது. அந்தப் பையன் செத்ததுக்கும் நாம பேசுனதுக்கும் என்ன சம்பந்தம், ஒரு சம்பந்தமும் இல்ல, பொட்டாசியம் ஏறிருக்கும், இதயம் நின்னுருக்கும், பேச்சுல யாரு செத்தா. ஆனா கடைசியா அவன் காதுல விழுந்த அவனோட சொந்தக் குரலு நம்ம வாயில இருந்துல போச்சு. அப்படியே கொண்டு போயிட்டான். அவனை ஒரு தடவை கேட்டாத்தான் தெரியும். நெசமாவே உப்புத் தீவு தேறுமாடா, நான் ஒத்தையா ஏறட்டுமா, இல்ல இந்தத் துறையிலயே நின்னுக்கிட்டு இருக்கட்டுமா. கேக்குறதுக்கு ஒரு வழி இருக்கு. அந்தக் குரலு தொண்டைக்குக் கீழ மூணு வாரமா உக்காந்திருக்கு, குளிக்கிறப்ப வருது, பல்லு வெளக்குறப்ப வருது, இவரு முழுங்கி முழுங்கி உள்ள அனுப்புறாரு. பண்ணுனா அவன் செத்துட்டான்னு நாமளே கையெழுத்துப் போட்ட மாதிரி. ஷிஃப்ட் மாத்திக்கிட்டவங்க குரலைத்தான் இங்க போடுறது. பண்ணலைன்னா கோட்வின் அங்கயே நிப்பான். சோலையப்பன் அங்கிருந்து தலையைத் தூக்கி, "என்ன கோதண்டண்ணே, மூணு வாரமா ரேடியோ ரிப்பேரா"ன்னாரு, சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாரு, ஆனா கண்ணு ஏழாம் பெட்டைப் பாத்துட்டு வந்துச்சு. எல்லாரும் அதுக்குத்தான் காத்திருக்காங்கன்னு கோதண்டத்துக்கு அப்பத்தான் வெளங்குச்சு. யாராவது ஒருத்தர் போட்டாத்தான் அவன் போனது ஒரு முடிவுக்கு வரும். கட்டை விரலை 'ஆமா'ங்குற கட்டத்து மேல வெச்சாரு. கண்ணை மூடிக்கிட்டாரு. மூக்கை ஒரு தடவை உறிஞ்சினாரு. ஃபிலோ சிஸ்டர் ஊசித் தட்டோட நடந்துக்கிட்டிருந்தது நின்னுருச்சு.

"இல்லண்ணே, ஏறிருவோம்ண்ணே. பாத்துக்கலாம்ண்ணே."

யாரும் சிரிக்கல. சோலையப்பன் கன்னத்துல தண்ணி எறங்குச்சு. இது நம்ம தொண்டைதானான்னு கோதண்டத்துக்கே சந்தேகம் வந்துச்சு, அவ்வளவு சுத்தமா இருந்துச்சு, நல்லவேளை கண்ணை மூடிக்கிட்டிருந்தாரு. அப்ப ஏழாம் பெட்டுப் பக்கத்துல, தலைப்பூவைச் சரி பண்ணிக்கிட்டிருந்த பூங்கோதையம்மா வெடுக்குன்னு திரும்பிப் பாத்து, "ஐய, எட்வின் தம்பி எப்ப இங்க வந்துச்சு"ன்னாங்க. அப்புறம் இவரைப் பாத்துட்டு, "நீங்களா பேசுனீங்க, அப்படியே அது மாதிரியே இருக்கு சார், காலையில இவருக்கு எதுத்த பெட்டுதான் அது. இதே 'இல்லண்ணே'தான் நாள் முச்சூடும். இதே கேமுதான், படகு, கடலு, திமிங்கலமெல்லாம் முடிச்சிருச்சு. சொந்தமா ஒண்ணு வாங்கி வெச்சு ஒத்தக் கையிலயே ஆடுது, ஏதோ செட்டிங்காம், அது ஆரம்பத்துலருந்தே இருக்காம்." கோதண்டம் கண்ணைத் தெறந்தாரு. "எப்பருந்தும்மா வர்றான்?" "மூணு வாரம் இருக்கும். எழுதிக் குடுத்துக் கேட்டு வாங்கிக்கிட்டு வந்துச்சு. மதியத்துல ஒரு ஆளு செத்தவங்க மாதிரியே பேசிக் காட்டுறாராம், தன்னோட குரலையும் இப்பவே எடுத்து வெச்சுக்கிட்டாராம், அவரு பக்கத்துல படுத்தா தூக்கம் வரலன்னு..." ஹபீப், "அக்கா"ன்னான். அந்தம்மாவுக்கு அப்பத்தான் பொறி தட்டுச்சு. கோதண்டத்தோட வாயையும், அவரு கையில இருந்த திரையையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. எதையாவது நல்லதா சொல்லி முடிச்சுரணும்னு நெனச்சாங்க போல, பாவம், சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கிட்டு, சிரிச்ச மொகமாத்தான் சொன்னாங்க.

"ஆனா அந்தக் கேமு நல்லாருக்காம் சார். தனியா ஆடுனாத்தான் நல்லாருக்குன்னு சொல்லுச்சு."